அந்தமானில் தொண்ணூறு நாள்

தீவு என்றால் நம்மில் பலருக்கும் ஒரே காட்சிதான் கண்ணில் வரும். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்து நிற்கிற தென்னை மரம். எல்லாம் காலண்டரில் பார்த்ததுதான். அந்தக் காலண்டர்களை அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற சிவகாசி இருக்கிறதே, அதே மாவட்டத்துக்காரி நான். எங்கள் மல்லாங்கிணறில் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து நாலைந்து மணி நேரம் போகவேண்டும். கரிசல் மண்ணும், சீமைக்கருவேல மரமும், கோடை வந்தால் தெருக்குழாயில் குட வரிசையும்தான் எங்களுக்குத் தெரிந்த உலகம்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த என் மூத்த மகள் இன்றைக்கு அந்தமானில் குடித்தனம் செய்கிறாள். மாப்பிள்ளைக்குப் போர்ட் பிளேரில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிற பட்டறையில் வேலை. (2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் கடைவீதியில் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் பேச்சு.) சம்பந்தம் பேசும்போதே என் மாமியார், "கடலைத் தாண்டிப் பொண்ணைக் குடுக்கணுமா? அது ஜெயில் ஊராச்சே!" என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் குணத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தோம்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் மகள் உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அழைத்துவந்து, தலைப்பிரசவத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. பொங்கல் முடிந்ததும் டிக்கெட். ஆனால் அங்கே பரிசோதனைக்குப் போன இடத்தில், "ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, இப்போது பிரயாணம் வேண்டாம்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மகளால் வரமுடியாது என்றால் தாய்வீடு அவளிடம் போகவேண்டியதுதானே? என் வீட்டுக்காரரிடமும் சின்ன மகளிடமும் அடுப்படியை ஒப்படைத்துவிட்டு நான் கிளம்பினேன். பத்து நாளில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தால் நானும் கடலையும் மணலையும் பற்றித்தான் எழுதியிருப்பேன். தொண்ணூறு நாள் சமைத்து, துவைத்து, பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொண்டு இருந்ததால் வேறு பல விஷயங்கள் தெரிந்தன. தீவைப் பார்க்கப் போகிறவர்களுக்கும், அங்கே பெண்ணைக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் அவை உபயோகப்படும்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். நான் விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. கீழே வெறும் கடல், கடல், கடல். திடீரென்று அடர்ந்த பச்சையில் குன்றுகள்! அம்மாடி, இவ்வளவு பச்சையை நான் ஒரே இடத்தில் பார்த்ததே இல்லை. எங்கள் மாவட்டத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதிகம். அங்கே 3,000 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே அந்தத் தீவுகளை நனைத்துவிட்டுத்தான் போகின்றன.

முதல் அதிசயம் பொழுது. விடிகாலை ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது, சாயங்காலம் ஐந்தரைக்கு விளக்குப் போட வேண்டியிருக்கிறது. நம் நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் அந்தமான் வெகு கிழக்கே இருப்பதால் சூரியன் நம் ஊரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து, முன்னதாகவே படுக்கப் போய்விடுகிறது. முதல் வாரம் எனக்கு எந்த நேரத்துக்கு எந்த வேலை என்றே பிடிபடவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கே கோலத்தைப் போட்டுவிட்டு இரவுச் சமையலுக்கு உட்கார்ந்தால்தான் சரியாக வந்தது.

இரண்டாவது அதிசயம் தண்ணீர். இத்தனை மழை பெய்கிற ஊரில் தண்ணீர்க் கஷ்டம் இருக்கும் என்று யாராவது நினைப்போமா? இருக்கிறது! மாசி, பங்குனியில் குழாயில் தினமும் தண்ணீர் வரவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை, சில சமயம் மூன்று நாளைக்கு ஒரு முறை. காரணத்தை மாப்பிள்ளைதான் விளக்கினார். தீவு முழுக்க மேடும் பள்ளமுமான குன்று. பெய்கிற மழை சரசரவென்று இறங்கிக் கடலில் கலந்துவிடுகிறது. தேங்கி நிற்கப் பெரிய ஆறோ ஏரியோ கிடையாது. ஊருக்குத் தண்ணீர் தனிக்காரி என்ற அணையிலிருந்துதான் முக்கியமாக வருகிறது. அதில் இருக்கும் தண்ணீரைத் தை முதல் சித்திரை வரை இழுத்துப் பிடித்து ஓட்டவேண்டும்.

எனக்கு இதில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை. மல்லாங்கிணறுக்காரிக்குக் குடம் பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா? அரிசி களைந்த தண்ணீர் கீரைப் பாத்திக்கு, துணி அலசிய தண்ணீர் குளியலறை கழுவ என்று நான் பங்கு பிரித்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு வங்காளி மாமி அசந்துபோனார். பதிலுக்கு அவர் எனக்கு ஒரு பாடம் சொல்லித்தந்தார். அங்கே பல வீடுகளில் தகரக் கூரை. அதன் ஓரத்தில் தகரத் தாழ்வாரம் கட்டி, மழை பெய்ததும் முதல் பத்து நிமிஷத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, கூரை அழுக்கெல்லாம் போனபிறகு டிரம்மில் பிடித்து மூடிவைக்கிறார்கள். மூடாவிட்டால் கொசு முட்டையிட்டுவிடும். குடிப்பதற்குக் கட்டாயம் கொதிக்கவைக்கிறார்கள்.

தீவுகளுக்கு எல்லாம் இது பொதுவான வியாதி போலிருக்கிறது. ஐரோப்பாவில் மத்தியதரைக் கடலில் மால்டா, சைப்ரஸ் என்று தீவுகள் இருக்கின்றன. இங்கிலாந்துக்காரர்கள் விடுமுறைக்குப் போய், வெயிலில் மயங்கி, ஓய்வு பெற்றதும் அங்கேயே வீடு வாங்கிக் குடியேறுகிறார்களாம். அந்த மால்டாவிலும் ஆறு கிடையாது. குடிதண்ணீரில் பாதிக்கு மேல் கடல்நீரை உப்பு நீக்கித்தான் எடுக்கிறார்கள். வெள்ளைக்காரர் ஆனாலும் வெங்கடாசலம் ஆனாலும் தீவில் விருந்தாளி பார்ப்பது கடலை, குடியிருப்பவள் பார்ப்பது குழாயை!

மூன்றாவது, கப்பல். சென்னையிலிருந்து அந்தமான் 1,190 கிலோமீட்டர். தேங்காய், வாழை, பாக்கு, மீன், சில காய்கள், கிழங்குகள் இவை அங்கேயே கிடைக்கும். உருளைக்கிழங்கு, வெங்காயம், பருப்பு, மிளகாய் வத்தல், சோப்பு, சிமெண்டு, டீசல் எல்லாம் கடல் கடந்துதான் வரவேண்டும். கப்பல் இரண்டு நாள் பிந்தினால் கடைவீதியில் வெங்காய விலை ஏறிவிடும். மகள் வீட்டில் மளிகை எப்போதும் ஒரு மாதத்துக்குக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் வாங்கிக் குவித்தால் போதாது, காப்பாற்றவும் வேண்டும். காற்றில் எப்போதும் ஈரம். அப்பளம் நமுத்துப்போகும், பருப்பில் பூஞ்சை, உப்பு தண்ணீர் விடும், பட்டுச் சேலையில் கறை. தீப்பெட்டிகூட நமுத்துவிடுகிறது! வறண்ட காற்று இருப்பதால்தானே சிவகாசிப் பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் தொழிலாக வளர்ந்தது? அந்தத் தீப்பெட்டி இங்கே வந்து உரசினால் நாலு குச்சிக்கு ஒன்றுதான் பற்றுகிறது. மகள் அதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி வறுத்த அரிசியோடு போட்டு மூடிவைத்திருந்தாள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பீரோவுக்குள் துணிமூட்டையில் அடுப்புக்கரி. இதெல்லாம் அவள் யாரிடம் கற்றாள்? அக்கம்பக்கத்தில்தான்.

அந்த அக்கம்பக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இடதுபுறம் வங்காளி மாமி. அவருடைய மாமனார் குடும்பம் நாடு பிரிந்தபிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தது. 1949 முதல் அரசாங்கம் அப்படி வந்தவர்களுக்குக் காட்டை வெட்டித் திருத்த நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. எதிர்வீட்டில் ராஞ்சிக்காரர்கள். அவர்கள் பாட்டனார் மரம் வெட்ட, சாலை போடக் கூலியாக வந்தவர். தெருமுனையில் 'லோக்கல் பார்ன்' என்று சொல்லிக்கொள்கிற குடும்பம். அதாவது அந்தக் காலக் கைதிகளின் வம்சாவளி. 1857 கலகத்துக்குப் பிறகு, 1858 மார்ச்சில் முதல் 200 கைதிகளை ஆங்கிலேயர் அங்கே கொண்டு இறக்கினார்கள். பிறகு பெண் கைதிகளும் வந்தார்கள். நன்னடத்தைக்காரர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்துக் குடித்தனம் வைத்தார்கள். ஷாதிப்பூர் என்று ஒரு பேட்டை இருக்கிறது. கல்யாண ஊர் என்று அர்த்தம். ஜாதி, மதம், பாஷை எல்லாம் கலந்துபோன குடும்பங்கள் அவை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஹிந்தி. இலக்கணம் பார்த்தால் ஹிந்தி பண்டிட் மயக்கம் போடுவார், ஆனால் காரியம் நடக்கிறது. தமிழும் தாராளமாகக் கேட்கிறது. வங்காளமும் ஹிந்தியும் பேசுகிறவர்களுக்கு அடுத்தபடி அங்கே தமிழர்தான் அதிகம் என்று 2011 ஜனத்தொகைக் கணக்கு சொல்கிறது.

பிரசவத்துக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னைச் செல்லுலார் ஜெயிலுக்குக் கூட்டிப்போனார். 1896-ல் ஆரம்பித்து 1906-ல் கட்டி முடித்தது. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரம் மாதிரி ஏழு கட்டடங்கள். இன்றைக்கு மிச்சம் மூன்று. தேசத்துக்காகப் போராடியவர்களை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமுடியாதபடி தனித்தனி அறையில் பூட்டி, செக்கிழுக்க வைத்த இடம். நமக்குச் செக்கு என்றால் வ.உ.சி. ஞாபகம்தானே வரும்? அவரைக் கோவைச் சிறையில் வருத்தியதுபோல் இங்கே எத்தனையோ தாய்மார் பெற்ற பிள்ளைகளை வருத்தியிருக்கிறார்கள். ஓர் அறைக்குள் நின்று பார்த்தேன். உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்து வைத்திருந்தபோது ஜனங்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி இங்கே வந்து கொடியேற்றினார். அதன் நினைவாகத்தான் 2018-ல் ராஸ் தீவுக்கு அவர் பெயரும், ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்ற பெயர்களும் வைத்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லோரும் வந்து குடியேறிய கதை அது, ஆனால் அங்கேயே காலங்காலமாக இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? 1858-ல் ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானிய ஜனங்கள் இன்று ஐம்பது பேர் சொச்சம்தான். வந்தவர்கள் கொண்டுவந்த வியாதிகள்தான் பெரும் காரணம். 1877-ல் வந்த தட்டம்மை மட்டும் எத்தனையோ பேரை வாரிக்கொண்டு போனது. நம் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் மாதத்தில் போடுகிற அந்தத் தடுப்பூசியை லேசாக நினைக்கிறோமே, ஓர் இனமே அந்த வியாதியால் கரைந்திருக்கிறது. ஜாரவா இன மக்கள் வாழ்கிற காட்டின் ஊடே சாலை போகிறது. அவர்களைப் படம் எடுப்பதும், தின்பண்டம் வீசுவதும் சட்டப்படி குற்றம். அவர்கள் வேடிக்கைப் பொருள் இல்லை. அந்த வீட்டின் பழைய சொந்தக்காரர்கள். சுற்றுலாப் போகிற நம்மவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மகளின் உடம்புக்கு வருகிறேன். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் கூடினால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் ஆபத்து. "தலைவலி தாங்கமுடியாமல் வந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிற்றில் வலித்தாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, ராத்திரி பகல் பார்க்காமல் உடனே வந்துவிட வேண்டும்" என்று டாக்டரம்மா எனக்கே பாடம் எடுத்தார். மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தேன். மத்தியானம் இடது பக்கமாகப் படுக்கவைத்தேன். வாரம் ஒரு தரம் பரிசோதனை.

ஒன்பதாம் மாதம், ஒரு விடிகாலை மூன்று மணி. "அம்மா, தலை வெடிக்குதும்மா, லைட்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். மாப்பிள்ளையோ வேலை நிமித்தம் வேறொரு தீவுக்குப் போயிருந்தார். கடைசிப் படகு போனால் மறுநாள்தான் வரமுடியும், அதுதான் தீவு. எனக்கு ஹிந்தி தெரியாது. வாசலுக்கு ஓடிவந்து "அக்கா!" என்று ஒரு குரல்தான் கொடுத்தேன்.

வலதுபக்க வீட்டுத் தமிழ் அக்காவுக்கு அறுபது வயசு இருக்கும். அவர் வருவதற்குள் வங்காளி மாமி வந்தார், ராஞ்சிக்காரர் மகன் ஆட்டோவை எடுத்துவிட்டான். பதினைந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. ஊசி போட்டு அழுத்தத்தை இறக்கி, அன்று மத்தியானமே வலி வரவழைத்தார்கள். மருந்து மாயத்திலேயே மகள் என் கையை விடாமல் பிடித்திருந்தாள். சாயங்காலம் ஐந்தே காலுக்கு, அந்த ஊர்ப் பொழுது சாய்கிற நேரத்தில், பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோ அறுநூறு கிராம். தாயும் சேயும் சுகம். மாப்பிள்ளை மறுநாள் காலைப் படகில் வந்து சேர்ந்து, பிள்ளையைப் பார்க்கும் முன்னால் மகளின் காலைத் தொட்டுப் பார்த்தார், வீக்கம் வடிந்திருக்கிறதா என்று. அதை நான் மறக்கமாட்டேன்.

நர்ஸம்மா சொன்னபடி பிறந்த ஒரு மணிக்குள் சீம்பால் கொடுத்தோம். சர்க்கரைத் தண்ணீர், தேன், சேனை எதுவும் கிடையாது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். பத்தியச் சமையலுக்கு ஊரிலிருந்து சுக்கு, பூண்டு, மிளகு கொண்டுபோயிருந்தேன். பால்சுறா புட்டுக்குத் தீவில் பஞ்சமே இல்லை. விடிகாலையில் மீன் துடிக்கத் துடிக்க வந்துவிடும்.

அந்தத் தமிழ் அக்கா தினமும் பிள்ளையைக் குளிப்பாட்ட வருவார். அவர் கதையைக் கேட்டால் நம் கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றும். அவருடைய தாத்தா பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1964-ல் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தப்படி லட்சக்கணக்கான மலையகத் தமிழர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இவர் சின்னப் பிள்ளையாக ராமேஸ்வரத்தில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து நிக்கோபாரில் கச்சால் என்ற தீவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு அனுப்பப்பட்டவர். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமி அதிர்ந்து கடல் வந்தது.

"எங்க குவார்ட்டர்ஸ் மேட்டுல இருந்துச்சு தங்கச்சி, தப்பிச்சோம். கரையில இருந்த நிக்கோபாரி ஜனங்க... என் கூட்டாளி ஒருத்தி, எனக்குத் தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பா. அவ வீடு இருந்த இடத்துல மறுநாள் கடல்தான் நின்னுச்சு" என்று சொல்லிவிட்டுப் பேத்தியின் காலுக்கு எண்ணெய் தடவுவதை நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தார்.

"மூணு தடவை வீட்டை விட்டீங்களே அக்கா, எதைச் சொந்த ஊருன்னு சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"நடுராத்திரியில கூப்பிட்டா கதவைத் திறக்கிற ஆளு எங்க இருக்கோ, அதான். அன்னிக்கு நீ என்னைக் கூப்பிட்டியே, அப்ப இது உனக்கும் ஊருதான்" என்றார்.

இதற்கிடையில் எங்களுக்குள் ஒரு பெரிய யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் விருதுநகரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். "பிள்ளையும் பிறந்தாச்சு, தம்பி வந்து கடையில் பங்குக்கு நிக்கட்டும். நாற்பது நாளுக்குள்ள பதில் சொல்லுங்க. இல்லைன்னா வேற ஆளைச் சேர்த்துக்குவேன்" என்று சொல்லியிருந்தார். வந்தால் பேத்தி பதினைந்து கிலோமீட்டரில் இருப்பாள். என் வீட்டுக்காரர் போனில் தினமும், "நீ ஒரு வார்த்தை சொன்னா மாப்பிள்ளை கேட்பாரு" என்பார். சின்ன மகள் பெட்டியே கட்டத் தயார். எனக்கு மட்டும் ஆசை இல்லையா?

நான் வாயைத் திறக்கவில்லை. மகளிடம் நாலு கேள்வி கேட்டேன். வைத்தியம்? "பிரசவத்துக்கு இங்கயே முடிஞ்சதும்மா. பெரிய ஆபரேஷன்னா சென்னைக்குத்தான் போகணும். அதுக்குத் தனியா பணம் போட்டு வச்சிருக்கோம்." படிப்பு? "தமிழ்ல சொல்லித்தர்ற பள்ளிக்கூடமும் இருக்கு. மேல்படிப்புக்கு வெளியூர் அனுப்ப வேண்டி வரலாம்." வீடு? "அது கஷ்டம்தான். தீவுல எண்பது சதவீதத்துக்கு மேல காடு. புதுசா வர்றவங்களுக்கு நிலம் கிடைக்கிறது லேசு இல்லை. வாடகைதான்." கடைசியாக, "உனக்கு இங்கே மனசு ஒட்டுதா?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"முதல் வருஷம் தினமும் அழுதேன்மா. உன்கிட்டச் சொல்லலை. மழை தொடங்கினா ஆறு மாசம் துணி காயாது. கப்பல் ஊதுற சத்தம் கேட்டாலே ஊருக்குப் போகணும்னு இருக்கும். இப்ப அப்படி இல்லை. அவருக்கு இங்க தொழில்ல மதிப்பு இருக்கு. அங்க வந்தா அண்ணன் கடையில தம்பிதானே? நானும் பக்கத்து வீட்டுல தையல் கத்துக்கிட்டு மாசம் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். இன்னும் அஞ்சு வருஷம் இருந்துட்டு, பாப்பா பள்ளிக்கூடம் போறப்ப யோசிக்கிறோமே" என்றாள்.

எல்லாக் கஷ்டத்தையும் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுகிறாள். கஷ்டம் தெரியாமல் இருக்கிறேன் என்றால்தான் பயப்படவேண்டும். அன்று ராத்திரி நானே போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "அவுக அங்கேயே இருக்கட்டும்ங்க. பொங்கலுக்குப் பத்து நாள் வருவாக. வராத வருஷம் நாம போவோம்." எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பேத்தியைக் காட்டு" என்றார். 2020-ல் சென்னையிலிருந்து கடலடியில் கம்பி போட்டபிறகுதான் அங்கே படத்தோடு பேசுவது இவ்வளவு சுலபமாயிற்றாம். அதற்கு முந்திப் பெண்ணைக் கொடுத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

பங்குனி உத்திரத்தன்று வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் பேத்திக்காகப் பால்குடம் பார்க்கப் போனேன். காவடி என்ன, கூட்டம் என்ன! வங்காளிகளும் தெலுங்கர்களும் சேர்ந்து நின்று தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுத்தார்கள், தண்ணீர்த் தட்டுப்பாடான அந்தப் பங்குனியில்.

திரும்பும்போது கப்பலில் வந்தேன். என் வீட்டுக்காரர் கடைசி வாரம் வந்து பேத்தியைப் பார்த்துவிட்டு உடன் வந்தார். சென்னை வர மூன்று நாள். அடுக்குப் படுக்கை டிக்கெட்தான் விலை குறைவு. முதல் நாள் தலை சுற்றியது. வயிற்றைக் காலியாக விடாமல் ரொட்டி, இஞ்சித் துண்டு சாப்பிட்டு, மேல்தளத்தில் காற்றாட நின்று, தூரத்தில் வானமும் கடலும் சேருகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் குறைகிறது. இரண்டாம் நாள் கப்பலோடு பறக்கும் மீன்கள் வந்தன. கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தண்ணீர் எனக்கும் மகளுக்கும் நடுவே கிடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு அந்தப்பக்கம் கதவைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தமான் போகிற சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

கடல் அமைதியாக இருப்பது மார்கழி முதல் சித்திரை வரை. மழைக்காலத்தில் படகும் கப்பலும் ரத்தாகலாம். இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

கர்ப்பிணிகள் விமானத்தில் போவதானால் மாதம் ஏற ஏற டாக்டர் சான்று கேட்பார்கள், கடைசி மாதத்தில் ஏற்றவே மாட்டார்கள். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மாதத்துக்குச் சேர்த்தே கொண்டுபோங்கள்.

தீப்பெட்டி, பட்டாசு விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. நம் ஊர்க்காரர்கள் பழக்கத்தில் பையில் வைத்துவிடுவோம், கவனம்!

மழைத்தண்ணீர் தேங்கிய இடத்திலும் வயல் சேற்றிலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். எலி மூத்திரம் மூலம் பரவும் லெப்டோ காய்ச்சல் அங்கே உண்டு. காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் கைவைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். கொசுவலை அவசியம்.

முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

அங்கே உறவினர் இருந்தால் வெறுங்கையோடு போகவேண்டாம். சாத்தூர் காராச்சேவும், வீட்டு மிளகாய்ப்பொடியும், காய்ந்த வத்தல் வகைகளும் காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுபோங்கள். என் மகள் காராச்சேவு டப்பாவைத் திறந்ததும் முதலில் மூன்று கிண்ணத்தில் பிரித்து மூன்று வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். மிச்சத்தைத்தான் எங்களுக்கு வைத்தாள்.